திரும்பி வரவேண்டிய சரக்கு

மளிகைக் கடைக்காரர் ஒரு படி பருப்பை அளந்து கொடுத்துக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டாரானால் அத்துடன் அந்த வியாபாரம் முடிந்தது. பருப்பு வேகவில்லை என்று வாங்கியவர் மறுநாள் வந்து சத்தம் போடலாம்; அவர் பக்கத்தில் நியாயமும் இருக்கலாம்; ஆனால் கடைக்காரருடைய சொத்து எதுவும் அவர் வீட்டில் இராது. வாடகைக்கு விடுகிறவனுடைய நிலைமை அப்படிப்பட்டதன்று. அவனுடைய மூலதனமே இராத்திரி வேளையில் பிறத்தியார் வீட்டில் உறங்குகிறது. அதைக் கொண்டுபோனவர் மனம் கோணாமலும் நினைவு பிசகாமலும் மறுநாள் கொண்டுவந்து வைத்தால்தான் அவனுக்கு அடுத்த வேளைப் பிழைப்பு. வாடகைச் சைக்கிள் கடைக்காரர்களும், கல்யாணத்துக்கு அண்டா குண்டான் வாடகைக்கு விடுகிறவர்களும் இந்தச் சூட்சுமத்தைத் தலைமுறையாக அறிந்தவர்கள். வீடியோ கேசட் கடைக்காரர்களோ அதைப் பதினைந்து இருபது வருஷத்துக்குள் அவசரமாகக் கற்று, கற்ற வித்தை முதிர்ந்த தருணத்திலே தொழிலையே இழந்துவிட்டார்கள்.

அந்த வித்தையை அரைகுறையாகக் கற்றவர்களில் நானும் ஒருவன். கல்லூரிப் படிப்பை முடித்து, உத்தியோகம் எதுவும் அகப்படாமல் திரிந்துகொண்டிருந்த 1987-ஆம் வருஷத்தில், சங்கராபுரம் பஸ் நிலையத்துக்குச் சமீபத்தில் இருந்த ஒரு கேசட் கடையில் போய் உட்கார்ந்தவன், மூன்று வருஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சங்கராபுரம் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. பிற்பாடு 1993-இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகராமலே மூன்று ஜில்லாக்களைப் பார்த்துவிட்ட ஊர். மேற்கே கல்வராயன் மலை. வடக்கே மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும். எங்கள் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர், கரும்புப் பணம் பட்டுவாடா ஆகும் நாளைக் கொண்டே தங்கள் கடன்களைக் கணக்கிடுகிறவர்கள். கடை முதலாளியோ, அதற்கு முன் பத்து வருஷம் வாடகைச் சைக்கிள் கடை நடத்தியவர். என்னுடைய பட்டப்படிப்பைக் காட்டிலும் அவருடைய சைக்கிள் கடை அனுபவந்தான் அந்தக் கடையைக் காப்பாற்றியது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனியார் 1976 செப்டம்பரில் வெளியிட்ட வி.எச்.எஸ். யந்திரம் நம் நாட்டு நடுத்தர வீடுகளின் காதில் பலமாக விழுந்தது, 1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்து, வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகுதான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில் ஒன்றிரண்டு யந்திரங்கள் நம் பக்கத்து ஊர்களுக்கும் வந்தன. ஆனாலும் அதன் விலை சாமானியருக்கு எட்டாத உயரத்தில் இருந்தபடியால், கேசட்டை மாத்திரமின்றி, 'டெக்' என்று நாம் பெயர் வைத்துக்கொண்ட அந்த யந்திரத்தையும், கூடவே டி.வி. பெட்டியையும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பது வழக்கமாயிற்று. டெக் சொந்தமாக வைத்திருந்த பெரிய வீடுகள் கேசட்டுக்கு மட்டும் வரும். மற்றவர்கள் மாட்டு வண்டியோடோ டிராக்டரோடோ வருவார்கள்.

சிரமமான வாடிக்கைக்காரர் என்றதும் கூச்சல் போடுகிறவர் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. என் அனுபவத்தில் கூச்சல் போடுகிறவர் சிரமமே இல்லை. அவர் பத்து நிமிஷத்தில் களைத்துப்போவார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சிரித்துவிடுவார். தர்க்கம் பேசுகிறவர்தான் ஆபத்து. 1980-ஆம் வருஷத்தில் அரசாங்கம் கிராமக் கர்ணம் வேலையை ஒழித்தபோது பதவி இழந்த முன்னாள் கர்ணம் ஒருவர் எங்கள் வாடிக்கைக்காரர். அடங்கலும் சிட்டாவும் எழுதிப் பழகிய மூளை வேலையின்றி இருந்தால் எங்கே போகும்? எங்கள் கடைக்கு வந்தது. ஓர் இரவு மின்சாரம் இல்லாமல் போன மறுநாள், கேசட்டைக் கொண்டுவந்து மேஜைமீது வைத்துவிட்டு, வாடகை தர மறுத்தார்.

"தம்பி, நான் உங்கிட்ட வாடகைக்கு எடுத்தது பிளாஸ்டிக் டப்பாவையா, படத்தையா?"

"படத்தைத்தாங்க ஐயா."

"அந்தப் படத்தை நான் பாத்தேனா?"

"கரண்ட் இல்லாம பாக்கலேன்னு சொல்றீங்க."

"பாக்காத படத்துக்குக் காசு குடுக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?"

பட்டதாரியாகிய நான் விடுவேனா? கேசட் அவரிடத்தில் இருந்தபடியால் வேறொருவர் அதை எடுக்க முடியாமற் போயிற்று, அந்த நஷ்டத்துக்கு ஈடாகவே வாடகை என்று எடுத்துரைத்தேன். அவர் சற்றும் யோசிக்காமல், "அந்த வேற ஒருத்தர் வீட்டுலயுந்தானே கரண்ட் இல்லே? இருட்டுல அவரு மட்டும் என்னத்தப் பாத்திருப்பாரு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

உள்ளே இருந்து வந்த முதலாளி, விவகாரத்தைக் கேட்பதற்கு முன்னால் கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த பெயரைத்தான் பார்த்தார். ஒரு மாதமாக ஒருவரும் கேட்காத பழைய படம். உடனே, "ஐயா சொல்றது நியாயந்தான். இன்னிக்கு ராத்திரி வெச்சிருந்து பாத்துட்டு நாளைக்குக் குடுங்க, ஒரு நாள் வாடகை போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதுவே புதுப்படமாக இருந்திருந்தால் இந்த நியாயம் அவருக்குப் புலப்பட்டிராது. தன் கைப்பொருள் எதுவும் போகாத இடத்தில் தாராளமாக விட்டுக்கொடுப்பது, அப்படி விட்டுக்கொடுத்ததால் கிடைத்த நற்பெயரைக் கொண்டு, கைப்பொருள் போகிற இடத்தில் உறுதியாக நிற்பது; இதைச் சைக்கிள் கடையில் கற்றேன் என்பார். மணிக்கணக்கு வாடகையில் பத்து நிமிஷம் தாமதமாக வருகிறவனிடம் காசு கேட்டால், அடுத்த முறை அவன் பஞ்சரை மறைத்துவிட்டுப் போவான் என்பது அவருடைய சித்தாந்தம்.

தாமதத்துக்கு அபராதம் என்ற வார்த்தையையே எங்கள் கடையில் உச்சரிக்கக் கூடாது. "இன்னொரு நாள் வாடகை" என்றுதான் சொல்லவேண்டும். அதையும் கேசட் திரும்பி வருகிற வேளையில் கேட்கவே கூடாது, அடுத்த கேசட்டை எடுக்க வருகிற வேளையில்தான் கேட்கவேண்டும். திருப்பிக் கொடுக்க வருகிறவன் குற்றம் செய்த மனத்தோடு வருகிறான், ஆகையால் சண்டைக்குத் தயாராக வருகிறான். எடுக்க வருகிறவனோ ஆசையோடு வருகிறான், அந்த ஆசையே பழைய பாக்கியை வசூலித்துத் தந்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. 1985-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரே கடையாக ஆரம்பித்து, 2004-ஆம் வருஷத்தில் உலகெங்கும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளாகப் பெருகிய பிளாக்பஸ்டர் கம்பெனிக்கு இந்த ஞானம் வாய்க்கவில்லை. 2000-ஆம் வருஷத்தில் தாமதக் கட்டணமாக மாத்திரம் ஏறக்குறைய 80 கோடி டாலர் வசூலித்த அந்த ஸ்தாபனம், ஜனங்களின் வெறுப்பைத் தாங்கமாட்டாமல் 2005 ஜனவரியில் தாமதக் கட்டணத்தையே ஒழித்துவிட்டதாக விளம்பரம் செய்தது. ஆனால் கெடு தாண்டி ஒரு வாரத்துக்குமேல் வைத்திருந்தால் படத்தின் முழு விலையும் வாடிக்கைக்காரர் கணக்கில் ஏறிவிடும், மனம் மாறித் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு என்ற விஷயம் விளம்பரத்தில் அவ்வளவு பளிச்சென்று தெரியவில்லை. 47 மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் கேள்வி கேட்கவே, சில மாதங்களுக்குள் 6,30,000 டாலர் கட்டிச் சமாதானமாகப் போகவேண்டியதாயிற்று. 2010-இல் கம்பெனியே திவாலாயிற்று. அந்த வீழ்ச்சிக்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வாடிக்கைக்காரனுடைய மறதியையே வருமானமாக்கிக் கொண்ட கடையை அவன் நெடுநாள் மன்னிப்பதில்லை.

படம் நன்றாயில்லை, காசைத் திருப்பிக் கொடு என்று வருகிறவர்களைப்பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. படத்தை எடுத்தவர் சென்னையில் இருக்கிறார் என்று சொன்னால் போய்விடுவார்கள். படம் 'தெரியவில்லை' என்று வருகிறவர்களுடைய வழக்கோ கொஞ்சம் நுட்பமானது. மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் அரை அங்குல அகலமுள்ள நாடா சுமார் 250 மீட்டர் நீளத்துக்குச் சுற்றியிருக்கிறது. அந்த நாடா, நிமிஷத்துக்கு 1,500 தடவை சுழலுகின்ற ஓர் உருளையைத் தழுவிக்கொண்டு சாய்வாக ஓடும். உருளையின் விளிம்பில் இருக்கிற மிகச் சிறிய 'ஹெட்' தான் அதிலுள்ள சித்திரத்தைப் படிக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்ட கேசட் ஒன்று ஒரு டெக்கில் ஓடினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சுத்தமான கேசட்டைப் போட்டாலும் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். அந்த டெக்கின் அழுக்கு அடுத்த கேசட்டையும் தொற்றும். ஆகவே, கேசட் சரியில்லை என்று வாடிக்கைக்காரர் சொல்வதும், உங்கள் டெக் சரியில்லை என்று கடைக்காரன் சொல்வதும் ஏக காலத்தில் உண்மை. கடை டெக்கில் போட்டு, கண்ணெதிரே கண்ணாடி மாதிரி ஓடுகிறதைக் காட்டி அவர் வாயை அடைக்க என்னால் முடியும்; ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். நாலு பேர் முன்னிலையில் தோற்றுப்போனவர், ஜெயித்த கடைக்கு மறுபடி வருவதில்லை என்பதை இரண்டு வாடிக்கைகளை இழந்த பிறகு உணர்ந்தேன். அதற்கப்புறம், ஓடுகிற கேசட்டையும் கையில் வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வேறொன்றை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் அவர் வீட்டுக்கே ஸ்பிரிட்டும் காகிதத் துண்டுமாகப் போய் ஹெட்டைத் துடைத்துவிட்டு வருவேன். காபி கிடைக்கும்.

கேசட்டின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் பல் உண்டு. அதை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிவு செய்ய முடியாது. ஒடித்த பள்ளத்தின்மேல் ஒரு துண்டு ஒட்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டால் முடியும் என்பதை எங்கள் வாடிக்கைக்காரர்கள் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ராமாயணம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வீட்டில் எங்கள் கேசட்டில் அதைப் பதிவு செய்துவிட்டு வாய் திறவாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து அதை எடுத்துப்போன ஒரு குடும்பம், எம்.ஜி.ஆர். சிலம்பம் சுழற்றிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று அனுமார் தோன்றி ஹிந்தியில் பேசக் கண்டது. மறுநாள் அந்த வீட்டு அம்மாள் கடை வாசலில் வந்து நின்றதும், வாடகையைத் திருப்பித் தரவேண்டியதுதான் என்று கல்லாவைத் திறந்தேன். அவர், "ஏம்பா, இதோட அடுத்த பாகம் எந்தக் கேசட்டுல வருது?" என்று கேட்டார்.

இவ்வளவு பொறுமை எதற்கு, போலீஸில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் கேசட்டைத் திருப்பாதவன் ஓடிவந்து தரமாட்டானா என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கேதான் அந்தத் தொழிலின் மர்ம ஸ்தானம் இருந்தது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984-இல் திருத்தி, ஒவ்வொரு வீடியோ பிரதியின்மேலும் தணிக்கைச் சான்றிதழின் நகலும், தயாரித்தவருடைய பெயர் விலாசமும், உரிமையாளரின் பெயர் விலாசமும் காணப்பட வேண்டும் என்று விதித்தார்கள். பதிப்புரிமையை மீறினாலோ ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரையில் சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரையில் அபராதம். அதே 1984-இல் தமிழ்நாடு அரசும், வீடியோ மூலம் டி.வி. திரையில் பொதுமக்களுக்குப் படம் காட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றிற்று. எங்கள் அலமாரியில் இருந்த பிரதிகள் எல்லாம் அந்தப் பரீட்சையில் தேறியிருக்கும் என்று சத்தியம் செய்ய நான் தயாராயில்லை. அந்தக் காலத்தில் சிற்றூர்க் கடைகளில் எத்தனை பேர் தயாராயிருப்பார்கள் என்பதும் சந்தேகமே. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, கேசட்டைத் தொலைத்தவனையும், ஐந்து திருகாணிகளைக் கழற்றி உள்ளே நாடாவை மாற்றி வைத்தவனையும் சிரித்த முகத்தோடுதான் சமாளிக்க வேண்டியிருந்தது. வாடிக்கைக்காரரிடம் நாங்கள் காட்டிய மரியாதையில் பாதி, பயம். திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர 2004-இல் திருத்தம் செய்தபோது, அந்த மூன்று வருஷங்களையும் நான் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்த்தேன்.

நோட்டுப் புத்தகத்தைப்பற்றியும் சொல்லவேண்டும். யார், எந்தத் தேதியில், எந்தப் படத்தை எடுத்தார் என்று எழுதிவைக்கிற அந்த நீள நோட்டைக் கவிழ்த்தே வைக்கவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. சிற்றூரில் ஒருவன் என்ன படம் பார்க்கிறான் என்பது அவன் சம்பந்தி வீடு வரைக்கும் போகிற செய்தி. "எங்க வீட்டுப் பையன் நேத்து என்ன படம்பா எடுத்தான்?" என்று ஒரு தகப்பனார் தணிந்த குரலில் கேட்கிறபோது, அவருக்குக் கேட்க உரிமை இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? சொன்னால் பையனை இழப்போம். சொல்லாவிட்டால் தகப்பனாரை இழப்போம். முதலாளி இதற்கென்று வைத்திருந்த விடை, "அது இவன் எழுத்துங்க, எனக்குப் படிக்கத் தெரியலே" என்பது. என் கையெழுத்தின்மேல் விழுந்த அந்தப் பழியை நான் மூன்று வருஷம் சுமந்தேன். அதே 1987-இல், அமெரிக்காவில் உச்ச நீதிமன்றப் பதவிக்குப் பெயர் சொல்லப்பட்ட ராபர்ட் போர்க் என்ற நீதிபதியின் வீட்டார் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் பட்டியலை வாஷிங்டன் வாரப் பத்திரிகை ஒன்று வாங்கிப் பிரசுரித்துவிட்டது. பட்டியலில் விபரீதமாக ஒன்றும் இல்லை. ஆயினும், நாளைக்கு நம்முடைய பட்டியல் வந்தால் என்ன செய்வது என்று சட்டசபைக்காரர்களுக்குத் தோன்றியிருக்கவேண்டும். மறு வருஷமே, வாடகைக் கடைக்காரன் வாடிக்கைக்காரனுடைய படப் பட்டியலை வெளியிடலாகாது என்று ஒரு தனிச் சட்டம் பிறந்துவிட்டது.

எங்களுக்கு மெய்யாகவே வியர்க்கிற நாட்கள், டெக்கும் டி.வி.யும் வெளியூர் போகிற நாட்கள்தாம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் இவற்றுக்கெல்லாம் ராத்திரி முழுவதும் நாலு படம் ஓடும். யந்திரத்தோடு நானும் காவலாகப் போகவேண்டும். தென்னார்க்காட்டுப் பக்கத்தில் கருமாதி இரவில் தெருக்கூத்து விட்டுக் கர்ண மோட்சம் நடத்துவது வழக்கம். கூத்துக்காரர்களுக்குக் கொடுக்க வசதியில்லாத வீடுகள் அந்த இடத்தில் டெக்கைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கியிருந்தன. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு கருமாதி. 1964-ஆம் வருஷத்துக் கர்ணன் படந்தான் வேண்டும் என்று சொல்லி எடுத்துப் போனார்கள். படத்தில் போர் உச்சத்துக்கு வந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. கர்ணன் சாகாமல் படம் நின்றால் செத்தவருக்குக் கதி எப்படிக் கிடைக்கும் என்று ஒரு கிழவர் கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. காசு தரமாட்டோம் என்று இரண்டு பேர் எழுந்தார்கள். மின்சாரத்துக்கு நான் பொறுப்பல்ல என்பதை அந்த இருட்டில் யாரிடம் சொல்வது? வாடகையைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கேசட்டை நின்ற இடத்திலேயே வைத்துக்கொண்டு, அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். விடிய இரண்டு மணி இருக்கையில் வெளிச்சம் வந்தது. முக்கால்வாசிப் பேர் தூங்கிப்போயிருந்தார்கள். கர்ணன் விழுந்த பிறகு அந்தக் கிழவர் எழுந்துவந்து முழு வாடகையையும் என் கையில் வைத்தார். மலைமேல் மின்சாரமே எட்டாத குக்கிராமங்களுக்கு ஜீப்பில் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு போன நாட்களில் இத்தகைய தகராறு வந்ததில்லை. அங்கே டீசல் தீர்ந்தால் படம் தீர்ந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு படுக்கப் போவார்கள்.

1990-இல் எனக்கு வேறு வேலை கிடைத்தது. 1993 சித்திரையில் சன் டி.வி. வந்தது, கேபிள் கம்பிகள் வீட்டுக்கு வீடு ஏறின, பிறகு, ஒரு படத்தை இரண்டு மூன்று தட்டுகளாக வெட்டிக்கொண்டு வி.சி.டி. வந்தது. ஒரு பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, முதலாளி அலமாரியில் பாதியை ஒழித்துத் தட்டுகள் அடுக்கிக்கொண்டிருந்தார். மீதிப் பாதியில் கேசட்டுகள், கேட்பாரற்று. நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் பழைய கர்ணம் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். போன வாரம் இரண்டு பழைய கேசட்டை இனாமாக வாங்கிப்போய், நாடாவை உருவிச் சோளக் கொல்லையின் குறுக்கே கட்டியிருந்தாராம்; காற்றடித்தால் அந்த நாடா ஓய்ங் என்று சத்தமிட்டு வெயிலில் மின்னும், கிளிகள் அண்டா.

"என்னய்யா டேப்பு குடுத்தே? நாலு நாளு கிளியெல்லாம் ஓடிச்சு. இப்ப அதும் மேலயே வந்து குந்திக்குது. வேற நல்ல பிரிண்டா ஒண்ணு குடு."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. எழுந்துபோய், அலமாரியில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு கேசட்டை உருவினார். பாதியில் நின்றிருந்த அதை டெக்கில் போட்டு, முதலிலிருந்து வரும்படி ரீவைண்ட் செய்து, ஐயாவின் கையில் கொடுத்தார்.